கன்னியாகுமரி உதயப் படத்தில் பச்சை வட்டு: லென்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

புதுக்கேமரா · ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். கேமரா வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. கேனான் டிஎஸ்எல்ஆர், கூடவே, கேமராவோடு சேர்த்தே தரும் 18-55 எஸ்டிஎம் கிட் லென்ஸ் (3.5-5.6). போன வாரம் குடும்பத்தோடு கன்னியாகுமரி போயிருந்தேன். மற்றவர்களை லாட்ஜில் தூங்க விட்டுவிட்டு, ஐந்தரைக்கே கரைக்குப் போய் ஒரு பாறை மேல் ட்ரைபாட் போட்டு இடம் பிடித்தேன். மார்கழி என்பதால் ஆறரை வாக்கில்தான் சூரியன் தலை காட்டியது.

முதல் பத்து நிமிடம் எடுத்த படங்கள் நன்றாகவே இருக்கின்றன. அதற்குப் பிறகு எடுத்தவைதான் மோசம். முன்னால் இருந்த பாறைகளை அதிகம் சேர்க்க கேமராவைக் கீழே சாய்த்தேன். சூரியன் மேல் வலது மூலைக்குப் போய்விட்டது. படத்தில் கீழே இடப்பக்கம், பாறை மேல், ஏழு மூலை உள்ள பெரிய பச்சை வட்டு. அதன் பக்கத்திலேயே சின்னதாக, பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. போதாததற்குப் படம் முழுக்கச் சாம்பல் பூசிய மாதிரி. கறுப்பாக இருக்க வேண்டிய பாறை சாம்பல் நிறத்தில் இருக்கிறது.

கேமரா வாங்கிய கடையில் கேட்டேன். "கிட் லென்ஸ் அப்படித்தான் சார், நல்ல லென்ஸ் வாங்குங்க" என்றார்கள். அவர்கள் சொன்ன விலை கேமரா விலையைவிட அதிகம். உண்மையிலேயே லென்ஸை மாற்ற வேண்டுமா?

கடலோரம் · ஞாயிறு, இரவு 9:50

பர்ஸை உள்ளே வையுங்கள். முதலில் சில கேள்விகள்.

லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் (காப்புக்காகத் திருகும் தட்டைக் கண்ணாடி) ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? ஹூட் உண்டா? படம் எடுப்பதற்கு முன் முன்கண்ணாடியைத் துடைத்தீர்களா, துடைத்தால் எதால்?

நீங்கள் ஒரே குறை போலச் சொல்வது மூன்று தனித்தனிச் சங்கதிகள். பச்சை வட்டு ஒன்று, வெள்ளைப் புள்ளி இன்னொன்று, சாம்பல் பூச்சு மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம்.

கல்யாணக் கேமரா · ஞாயிறு, இரவு 10:31

இதில் குறை என்ன இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. மாலை நாலரைக்கு மேல் வயல்வெளியில் மாப்பிள்ளை பெண்ணை நிறுத்தி, தலைக்குப் பின்னால் வெயிலை வைத்து, ஃப்ளேர் (இந்த மாதிரி வட்டும் வெளிறலும்) வர வேண்டும் என்றே நான் எடுக்கிறேன். வராத நாளில் கணினியில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறார்கள். தம்பி, உங்களுக்கு இலவசமாகவே வந்திருக்கிறது!

புதுக்கேமரா · திங்கள், காலை 7:05

கடலோரம் சார், யூவி ஃபில்டர் உண்டு. கேமரா வாங்கும்போதே "இது கட்டாயம்" என்று கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள், 300 ரூபாய். அன்றிலிருந்து கழற்றியதே இல்லை. ஹூட் என்றால் முன்னால் மாட்டும் அந்த பிளாஸ்டிக் வளையம்தானே? இல்லை. துடைத்தது டி-ஷர்ட் முனையால் (திட்டாதீர்கள்).

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாட்ஜ் அறையில் இரவு முழுக்க ஏசி ஓடியது. வெளியே வந்ததும் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதைத்தான் துடைத்தேன்.

நிழல்வாசி · திங்கள், காலை 11:18

ஆள் அகப்பட்டுவிட்டான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் வெளிச்சத்தின் ஒரு சிறு பங்கு திரும்பிப் போகும். பூச்சு இல்லாத வெறும் கண்ணாடி என்றால் சுமார் 4 சதவீதம். நல்ல பல அடுக்குப் பூச்சு இருந்தால் அரை சதவீதத்துக்கும் கீழே. திரும்பிய வெளிச்சம் முன்னால் இருக்கும் இன்னொரு பரப்பில் பட்டு மறுபடி சென்சார் பக்கம் வந்தால் அதுதான் கோஸ்ட். ஆக, ஒரு கோஸ்ட் உருவாக இரண்டு பரப்புகள் வேண்டும். எத்தனை ஜோடிப் பரப்புகளோ, அத்தனை கோஸ்ட்டுக்கு வாய்ப்பு.

உங்கள் 18-55 எஸ்டிஎம்மில் 13 கண்ணாடிகள், 11 தொகுதிகளாக. தொகுதிக்கு இரண்டு பரப்பு, மொத்தம் 22. ஜோடிக் கணக்கு போட்டால் 231. அதே கேனானின் 50 மி.மீ. 1.8 எஸ்டிஎம்மில் 5 தொகுதிகள், 10 பரப்புகள், 45 ஜோடிகள்தான். இப்போது உங்கள் 300 ரூபாய் ஃபில்டருக்கு வருவோம். அது இரண்டு பரப்புகளைக் கூட்டுகிறது. 22 பரப்பு 24 ஆனால் 231 ஜோடி 276 ஆகும். கூடியது 45! ஒரு தட்டைக் கண்ணாடி, ஒரு முழு 50 மி.மீ. லென்ஸ் அளவு ஜோடிகளைச் சேர்த்துவிட்டது. அதில் பூச்சும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

"அரை சதவீதத்தில் அரை சதவீதம் என்றால் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு, அது எப்படிக் கண்ணுக்குத் தெரியும்?" என்று கேட்கலாம். மேலே ஏறிய சூரியன் சுற்றியுள்ள பாறையையும் மணலையும்விட லட்சம் மடங்குக்கு மேல் பிரகாசம். நாற்பதாயிரத்தில் ஒரு பங்கும் தெரியத்தான் செய்யும். உதித்த முதல் பத்து நிமிடம் உங்கள் படங்கள் தப்பித்ததும் இதனால்தான். அப்போது தடிமனான காற்றையும் கடல் மூட்டத்தையும் தாண்டி வருவதால் சூரியன் சிவந்து, மங்கி இருக்கும்.

இனி அடையாளம். ஏழு மூலை வட்டு உங்கள் லென்ஸுக்குள்ளேயே பிறந்தது. வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரில் ஏழு இதழ்கள், அதன் வடிவம்தான் விழுந்திருக்கிறது. அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள்: படத்தின் நட்டநடுவிலிருந்து சூரியன் எவ்வளவு தூரமோ, அதே தூரம் நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறதா? இருந்தால் ஃபில்டர்தான் குற்றவாளி. சென்சார் மேல் விழுந்த சூரிய பிம்பம் திரும்பி லென்ஸ் வழியே வெளியே போய், தட்டையான ஃபில்டரில் முட்டி, மறுபடி உள்ளே வந்து எதிர் மூலையில் கூர்மையாக விழுகிறது. இரவில் தெருவிளக்கை எடுத்தாலும் இதே கதைதான்.

மட்டக்களப்பான் · திங்கள், மாலை 4:44

நிழல்வாசி அண்ணா கணக்கில் புலி. நான் கடற்கரை ஆள், சாம்பல் பூச்சு பற்றி மட்டும் சொல்லுறேன்.

எங்கட கல்லடிக் கடற்கரையிலும் சூரியன் நேரே கடலுக்குள் இருந்துதான் எழும்பும். குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனால் முன்கண்ணாடி கட்டாயம் வியர்க்கும். துடைக்கத் துடைக்க மறுபடி வரும். வெளியே கிளம்ப அரை மணித்தியாலம் முன்பே கமராவைப் பையோடு, சிப்பைத் திறக்காமல், அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். சூடு சமமானதும் எடுக்கலாம்.

அடுத்தது உப்பு. அலை அடிக்கும் இடத்தில் கால் மணித்தியாலம் நின்றால் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் படியும். அதைக் காய்ந்த சேர்ட்டால் துடைத்தால் உப்போடு உடம்பு எண்ணெயும் சேர்ந்து இழுபடும். நிழலில் ஒன்றும் தெரியாது; சூரியனைப் பார்த்துத் திருப்பினால்தான் முழுப் படமும் வெளிறும். முதலில் ஊதி மணலை அகற்றுங்கள், பிறகு லென்ஸ் திரவம் ஒரு சொட்டு, மைக்ரோஃபைபர் துணி. திரவத்தைத் துணியில் விடுங்கள், கண்ணாடியில் விடாதீர்கள்.

கல்யாணக் கேமரா · திங்கள், இரவு 8:20

ஃபில்டரைக் கழற்றச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன வருடம் ஒரு வரவேற்பில் நாற்காலி சாய்ந்து கேமரா கீழே விழுந்தது. ஃபில்டர் நொறுங்கியது, லென்ஸ் பிழைத்தது. அந்த 300 ரூபாய்க்கு நான் கும்பிடு போடுகிறேன்.

நிழல்வாசி · திங்கள், இரவு 8:47

நொறுங்கிய ஃபில்டர் லென்ஸைக் காப்பாற்றியதா, ஃபில்டர் மெல்லியது என்பதால் மட்டும் நொறுங்கியதா என்று எப்படித் தெரியும்? லென்ஸின் முன்கண்ணாடி அதைவிடப் பல மடங்கு தடிமன். விழும் அடிக்கு ஹூட்தான் நல்ல காவல். முதல் மோதலை அது வாங்கிக்கொள்ளும்.

ஆனால் மணல் காற்றும் உப்புத் தெறிப்பும் இருக்கும்போது ஃபில்டர் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. சூரியனைப் படச் சட்டத்துக்குள் கொண்டுவரும் அந்தச் சில நிமிடங்களுக்குக் கழற்றி சட்டைப் பையில் போடச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

புதுக்கேமரா · திங்கள், இரவு 9:33

அளந்து பார்த்தேன். வெள்ளைப் புள்ளி நேர் எதிரே, அதே தூரத்தில்! நிழல்வாசி சார், கைகொடுங்கள்.

ஆனால் ஃபில்டர் கழலவில்லை. இறுகிப் பிடித்துக்கொண்டது. இடுக்கி போடலாமா?

நிழல்வாசி · திங்கள், இரவு 9:36

வேண்டவே வேண்டாம்! வளையம் நெளிந்துவிடும்.

செருப்புக்கடை · திங்கள், இரவு 9:58

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் பெயருக்கு ஏற்ற கேள்வி வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

அடிப்பாகம் தட்டையாக உள்ள ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்துக் கழுவிக் காய வையுங்கள். தரையில் கவிழ்த்து வைத்து, லென்ஸின் முகத்தை அதன் மேல் லேசாக அழுத்தி, லென்ஸை வலமிருந்து இடமாகத் திருகுங்கள். விரலால் திருகும்போது நாம் வளையத்தை இரண்டு பக்கமும் நசுக்குகிறோம், அதனால்தான் அது இன்னும் இறுகுகிறது. ரப்பர் வளையத்தைச் சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்கும். ஃபில்டர் கண்ணாடி வளையத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் மட்டும் செய்யாதீர்கள். அப்போது அகலமான ரப்பர் பேண்டை வளையத்தைச் சுற்றிப் போட்டுத் திருகுங்கள்.

எந்தப் பக்கம் திருகுவது என்று குழம்பினால்: லென்ஸ் முகம் உங்களைப் பார்த்து இருக்கும்போது ஃபில்டரைக் கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகினால் கழலும். செருப்பின் மேல் கவிழ்த்தால் நீங்கள் லென்ஸின் முதுகைப் பார்க்கிறீர்கள், சுழற்றுவதும் லென்ஸைத்தான். இரண்டு தலைகீழும் சேர்ந்து மறுபடி கடிகார முள்ளுக்கு எதிரே என்றே வரும்.

புதுக்கேமரா · செவ்வாய், இரவு 10:15

அம்மாவின் பாத்ரூம் செருப்பில் கழன்று வந்துவிட்டது. செருப்புக்கடை அண்ணன் வாழ்க.

வந்த கையோடு ஒரு சோதனையும் செய்தேன். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சை எரியவிட்டு அலமாரியில் வைத்து, அதைச் சட்டத்தின் மூலையில் வைத்து ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. இரண்டுக்கும் அதே ஷட்டர், அதே அப்பர்ச்சர் அளவு (எஃப்/11). ஃபில்டரோடு எடுத்ததில் எதிர் மூலையில் டார்ச்சின் குட்டிப் பிம்பம் தெளிவாக இருக்கிறது. இல்லாமல் எடுத்ததில் அது சுத்தமாக இல்லை. பச்சை ஏழுமூலை மட்டும் இரண்டிலும் இருக்கிறது, முன்பைவிட மங்கலாக. பின்னணி இருட்டும் நன்றாகக் கறுத்திருக்கிறது.

மிச்சம் இருக்கும் அந்தப் பச்சையை என்ன செய்வது?

கடலோரம் · புதன், காலை 6:40

முழுதாக ஒழிக்க முடியாது, சமாளிக்கலாம். லென்ஸ் வாங்கச் சொன்னார்களே, அதில் மட்டும் வராதா என்ன? எத்தனை விலை கொடுத்தாலும் சூரியனை உள்ளே வைத்தால் ஏதோ ஒன்று வரும். பூச்சு நன்றாக இருந்தால் குறைவாக வரும்.

சூரியன் சட்டத்துக்கு வெளியே, ஓரமாக இருக்கிறது என்றால் வேலை சுலபம். கேமரா முன்னால் போய் லென்ஸ் கண்ணாடியைப் பாருங்கள். அதில் வெயில் விழுந்தால் ஃப்ளேர் நிச்சயம். உள்ளங்கையோ தொப்பியோ நீட்டி, அதன் நிழல் கண்ணாடி முழுவதையும் மூடும்படி பிடியுங்கள், கை படத்தில் வராமல். ஹூட் செய்வதும் இதைத்தான். ஆனால் ஜூம் லென்ஸின் ஹூட்டை 18 மி.மீ. கோணத்துக்கு இடிக்காதபடி வெட்டியிருப்பார்கள். 55க்குப் போனால் அது போதவே போதாது, கை வேண்டும். உங்கள் லென்ஸுக்கு ஹூட் பெட்டியில் வராது, ஈடபிள்யூ-63சி என்று கேட்டு வாங்குங்கள். அசல்தான் வேண்டும் என்றில்லை, பிளாஸ்டிக்தானே.

சூரியனே சட்டத்துக்குள் என்றால் ஹூட்டும் கையும் பயனில்லை. அப்போது எனக்குத் தெரிந்த வழி, சூரியனை எதற்காவது பின்னால் பாதி ஒளிப்பது. பனை மட்டை, படகின் கொம்பு, சிலையின் தோள், எதுவானாலும் சரி. கன்னியாகுமரியில் மார்கழியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து சுமார் 23 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். கரையில் நடந்து நடந்து நிற்கும் இடத்தை மாற்றினால் வள்ளுவர் சிலைக்குப் பின்னால் கொண்டுவந்துவிடலாம். அதே இடத்தில் சித்திரையில் போய் நின்றால் சூரியன் வேறெங்கோ இருக்கும். அகலக் கோணத்தில் கேமராவை ஒரு விரற்கடை நகர்த்தினாலே கோஸ்ட் எதிர்த்திசையில் ஓடும். பாறை மேல் விழுந்ததை வெறும் வானத்துக்கு விரட்டிவிட்டால் பின்னர் அழிப்பது எளிது.

பாதி ஒளித்து, அப்பர்ச்சரை எஃப்/16 வரை சுருக்கினால் சூரியன் நட்சத்திரமாக விரியும். ஏழு இதழ் என்பதால் 14 கதிர்கள் வரும், ஒற்றைப்படை என்றால் இரட்டிப்பாகும். எஃப்/22க்குப் போகாதீர்கள், முழுப் படமும் மழுங்கும்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன்: டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது, அதுவும் ஜூம் செய்து. கண் போய்விடும். லைவ் வியூவில் (பின்திரையில் பார்ப்பது) வையுங்கள், அதையும் நீண்ட நேரம் நீட்டாதீர்கள்.

நிழல்வாசி · புதன், காலை 9:02

இன்னொரு வழி, விரல் வித்தை. ட்ரைபாடில் அசையாமல் இரண்டு படம். ஒன்று சாதாரணமாக. அடுத்ததில் கையை நீட்டிச் சுண்டுவிரலால் சூரியனை மட்டும் மறைத்து. சூரியனின் அகலம் அரை டிகிரிதான், நீட்டிய கையின் சுண்டுவிரல் தாராளமாக மறைக்கும். இரண்டாவது படத்தில் கோஸ்ட்டும் இருக்காது, வெளிறலும் இருக்காது. ஜிம்ப்பிலோ ஃபோட்டோஷாப்பிலோ இரண்டையும் அடுக்கி, சூரியனைச் சுற்றிய பகுதியை முதல் படத்திலிருந்தும், மற்றதை இரண்டாவதிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். விரல் தெரியும் இடம் முதல் படத்துக்குள் மறைந்துவிடும்.

கல்யாணக் கேமரா · புதன், மதியம் 1:25

இரண்டு படத்தை ஒட்டுவதற்குப் பெயர் இயற்கைக் காட்சிப் படமா? நான் சேர்த்தால் பொய், நீங்கள் அழித்தால் கலையா?

நிழல்வாசி · புதன், மதியம் 2:10

அந்தப் பச்சை வட்டு பாறை மேல் எப்போது இருந்தது? அங்கே நின்ற யாருடைய கண்ணும் அதைப் பார்க்கவில்லை. இல்லாததை எடுப்பது ஒன்று, இல்லாததைச் சேர்ப்பது வேறு.

கல்யாணக் கேமரா · புதன், மதியம் 2:31

நட்சத்திரத்தின் 14 கதிரை யாருடைய கண் பார்த்தது? அதற்கு மட்டும் எஃப்/16 சொல்லித் தருகிறீர்களே.

நிழல்வாசி · புதன், மதியம் 3:15

இதற்குப் பதில் யோசித்தேன். கிடைக்கவில்லை, நேர்மையாகச் சொல்கிறேன். நட்சத்திரம் எனக்குப் பிடிக்கிறது, பச்சை வட்டு பிடிக்கவில்லை. அவ்வளவுதான் என் நியாயம்.

வெளிறலிலும் உங்கள் கட்சி ஓரளவு செல்லும். முகத்தில் அது மென்மையாகப் படியும், மணப்பெண்ணுக்கு அழகு. கடலோரப் பாறைக்கு ஈரக் கறுப்புதான் உயிர். அது போனால் படமே போச்சு.

மட்டக்களப்பான் · புதன், மாலை 5:50

இந்தப் பூச்சு வேலையே தற்செயலாகத் தொடங்கியது தெரியுமா? 1890களில் டென்னிஸ் டெய்லர் என்ற இங்கிலாந்துக்காரர், பழசாகிக் கண்ணாடி நிறம் மங்கிய லென்ஸ் புதுசைவிட அதிக வெளிச்சம் விடுகிறது என்று கண்டார். மங்கிய படலமே பிரதிபலிப்பைக் குறைத்ததாம்! பிறகு 1935இல் ஸைஸ் கம்பனியில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா வெற்றிடத்தில் பூச்சுப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது உங்கள் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதா, பச்சை தெரியும், அதுதான் அதன் பேரப்பிள்ளை. அந்த மலிவு ஃபில்டரையும் பக்கத்தில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். டியூப்லைட் வெள்ளையாகவே தெரிந்தால் பூச்சு இல்லை.

மொபைல்மட்டும் · புதன், இரவு 7:14

இடையில் ஒரு சந்தேகம். போனில் கோயில் விளக்குகளை எடுத்தால் பச்சைப் புள்ளிகள் மிதக்கின்றன. அதுவும் இதேதானா?

கடலோரம் · புதன், இரவு 7:30

அதேதான். விளக்குக்கு நேர் எதிரே இருக்கும், பாருங்கள். போன் லென்ஸ் மேல் ஒட்டியிருக்கும் கூடுதல் கண்ணாடியைப் பிரித்து, விரல் கறையைத் துடையுங்கள், பாதி குறையும். மிச்சத்துக்கு விளக்கை நடுவுக்குக் கொண்டுவந்தால் புள்ளி அதன் மேலேயே போய் உட்கார்ந்துவிடும்.

புதுக்கேமரா · ஞாயிறு, மதியம் 12:20

திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரிக்கு மறுபடி போக முடியவில்லை. இன்று அதிகாலை தங்கையோடு திருச்செந்தூர் கடற்கரை போனேன். கேமராவை இரவு முழுக்க மின்விசிறி அறையில் வைத்திருந்தேன், கண்ணாடி வியர்க்கவில்லை. ஃபில்டர் வீட்டில். புது ஹூட் மாட்டினேன், 250 ரூபாய்.

மூன்று படம் இணைத்திருக்கிறேன். முதலாவது, கரையில் ஏற்றியிருந்த படகின் மூக்குக்குப் பின்னால் சூரியனைப் பாதி ஒளித்தது, எஃப்/16. கதிர்களை எண்ணினேன், 14 சரியாக இருக்கிறது. மணலில் வெளிறிய பச்சை ஒன்று மிச்சம் இருந்தது, கேமராவை நகர்த்தி நகர்த்திக் கடல் நீருக்குள் தள்ளிவிட்டேன்; தேடினால்தான் தெரியும். இரண்டாவது, விரல் வித்தை. அலை நகர்ந்துவிட்டதால் ஒட்டிய இடத்தில் நுரை இரண்டாகத் தெரிகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று பிறகு கேட்கிறேன். மூன்றாவது, நான் படம் எடுப்பதைத் தங்கை பக்கவாட்டிலிருந்து எடுத்தது. சும்மா பெருமைக்கு.

கல்யாணக் கேமரா · ஞாயிறு, மதியம் 12:41

முதல் படம் பிரமாதம் தம்பி. அந்த மிச்சப் பச்சையை அழித்துவிடாதீர்கள், எனக்காக.

மட்டக்களப்பான் · ஞாயிறு, மதியம் 1:03

முதல் படம் வடிவாக இருக்கிறது. நுரைக்கு, விரல் மறைத்த படத்தை இரண்டு மூன்று தரம் எடுத்து, அலை ஒத்துப்போகும் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தம்பி. ஹூட்டின் இதழ்கள் உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. பையில் வைப்பதற்காகத் திருப்பி மாட்டுவது அது.

புதுக்கேமரா · ஞாயிறு, மதியம் 1:09

ஐயோ. கடைக்காரர் மாட்டிக் கொடுத்தபடியே விட்டுவிட்டேன்.